பாங்காக்கிலிருந்து பினாங்கு: 45-ஆம் எண் ரயிலில் ஓர் இரவு

முந்தைய நாள், பாங்காக்

ரயில் நாளைக்குத்தான். ஆனாலும் இந்தப் பயணம் உருப்படுமா உருப்படாதா என்பது டிக்கெட் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடும்.

வண்டி எண் 45. பாங்காக்கிலிருந்து பிற்பகல் நான்கு மணி வாக்கில் கிளம்பி, தாய்லாந்தின் தெற்கு வாலைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, மறுநாள் காலை எட்டு மணி சுமாருக்கு மலேசிய எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் நிற்கும். 2016 டிசம்பர் வரை, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை நேரே போன வண்டி இது. இப்போது எல்லையோடு சரி. அங்கிருந்து மலேசியாவின் மின்சார ரயிலுக்கு மாற வேண்டும். பழைய பயணக் குறிப்புகளை நம்பி "பாங்காக் டு பட்டர்வொர்த் ஒரே டிக்கெட்" என்று தேடினால் கிடைக்காது. இரண்டு நாடு, இரண்டு ரயில்வே, இரண்டு டிக்கெட்.

தாய்லாந்துப் பகுதிக்கான டிக்கெட்டை அந்நாட்டு ரயில்வேயின் டி-டிக்கெட் தளத்திலோ, ஸ்டேஷன் கவுன்ட்டரிலோ எடுக்கலாம். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். இன்ஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம்மூர்க் குழப்பம் இங்கேயும் வரும். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கைக்கு, தாய்லாந்துப் பணத்தில், ஆயிரம் பாட்டை ஒட்டி ஆகும். அப்பர் பெர்த் கீழ் பெர்த்தைவிட நூறு பாட் போல மலிவு.

அந்த நூறு பாட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். லோயரில் ஜன்னல் முழுக்க உங்களுக்கு, படுக்கையும் அகலம். அப்பரில் ஜன்னலே கிடையாது, அகலம் குறைவு, நடைபாதை விளக்கு விடிய விடிய முகத்துக்கு நேரே எரியும், ஏசிக் காற்றும் அங்கேதான் அதிகம். உயரமானவர்களும் முட்டி வலிக்காரர்களும் லோயர் இல்லையென்றால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும் காரணம் ஒன்று உண்டு. பெயரளவில் நீளமான ரயிலாகத் தெரிந்தாலும் பாடாங் பெசார் வரை போவது இரண்டே கோச். மற்றவை 37-ஆம் எண் வண்டிக்குரியவை. இரண்டு வண்டியும் ஒன்றாகச் சேர்ந்தே ஓடி, ஹட்யாயில் பிரிந்து, 37 சுங்கை கோலோக் பக்கம் போய்விடும். அதனால் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான் சமயம் (ஏப்ரல் 13 முதல் 15), சீனப் புத்தாண்டு, மலேசியப் பள்ளி விடுமுறை என்றால் வாரக்கணக்கில் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். எல்லை வரை இடமில்லை என்றால் ஹட்யாய் வரை மட்டும் எடுக்கலாம். அந்த ஊருக்கு வேறு படுக்கை வண்டிகளும் உண்டு. ஹட்யாயிலிருந்து பாடாங் பெசார் 45 கிலோமீட்டர்தான், வேனில் போய்ச் சேரலாம்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குப் போலவே தென்தாய்லாந்துக்கும் வடகிழக்குப் பருவமழைதான். நவம்பர், டிசம்பரில் தண்டவாளம் முங்கி ரயில் நிற்பது புதிதல்ல. 2025 நவம்பரில் ஹட்யாய் நகரமே வெள்ளத்தில் மிதந்தது. அந்த மாதங்களில் போகிறவர்கள் மறுநாள் பினாங்கிலிருந்து விமானம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

படுக்கப் போகும் முன் ஒரு வேலை. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி, மூடிவிட்டு மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்குப் போங்கள். வந்து சேரும் தேதியாக நாளை மறுநாளைப் போட வேண்டும். ரயில் ஏறும் தேதியைப் போட்டுவிட்டுக் கவுன்ட்டரில் மறுபடி நிரப்புகிறவர்கள் ஏராளம். விசா விதியை மட்டும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நாடுமே அடிக்கடி மாற்றுகின்றன.

முதல் நாள், மாலையும் இரவும்

எந்த ஸ்டேஷன்? ரயிலைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தவறவிடுகிறார்கள். 1916-இல் திறந்த ஹுவா லம்போங் நூறாண்டுக்கு மேலாக பாங்காக்கின் பிரதான ஸ்டேஷன். 2023 ஜனவரி 19 முதல் நெடுந்தூர வண்டிகள் வடக்கே பாங் சூ பகுதியில் உள்ள குருங் தேப் அபிவாத் முனையத்துக்குப் போய்விட்டன. வம்பு என்னவென்றால், குருங் தேப் என்பது பாங்காக்கின் தாய் மொழிப் பெயர், பழைய ஸ்டேஷனுக்கும் அதே பெயர். டிக்கெட்டில் 'அபிவாத்' இருந்தால் புதிய ஸ்டேஷன். டாக்சிக்காரரிடம் "பாங் சூ கிராண்ட்" என்றால் சட்டென்று புரியும். தவறி ஹுவா லம்போங்கில் போய் நின்றுவிட்டால் டாக்சி தேடாதீர்கள், சாலை நெரிசலில் மாட்டுவீர்கள். அங்கேயே கீழே இறங்கி நீல நிற மெட்ரோ பிடித்தால் மாறாமல் அரை மணி நேரத்தில் பாங் சூ.

டான் முவாங் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்; சிவப்பு நிற ரயில் நேரே இந்த முனையத்தின் உள்ளேயே கொண்டுவந்து விட்டுவிடும். சுவர்ணபூமியில் இறங்கினால் ஏர்போர்ட் ரயிலில் மக்காசான், அங்கிருந்து நடந்து பெட்சபுரி மெட்ரோ, பிறகு நீல வழியில் பாங் சூ.

ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். கட்டடம் அவ்வளவு பெரிது. பிளாட்ஃபார்ம் மேல் தளத்தில். நம்மூர் மாதிரி முன்கூட்டியே போய் நின்றுகொள்ள முடியாது, கேட் திறக்கும் வரை கீழே ஹாலில்தான் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் சாப்பாட்டை வாங்கிவிடுங்கள். ஃபுட் கோர்ட்டும் கடைகளும் உள்ளேயே இருக்கின்றன. சைவர்களுக்கு இது முக்கியம்: தாய் சமையலில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விழும். "கின் ஜே" என்று கேளுங்கள், மஞ்சள் நிற 'ஜே' அடையாளம் தொங்கும் கடையைப் பாருங்கள். அதில் மீன், முட்டை, பால் மட்டுமில்லை, பூண்டு வெங்காயமும் இருக்காது. ரயிலுக்குள் எதை நம்புவது என்று யோசிப்பதைவிடப் பழமும் பன்னும் தண்ணீரும் பையில் இருப்பது நிம்மதி. மது கொண்டுபோக வேண்டாம். 2014 முதல் ரயிலிலும் ஸ்டேஷனிலும் தடை. மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம்.

ஏறும்போது கோச்சின் பக்கவாட்டுப் பலகையைப் படியுங்கள். பாடாங் பெசார் என்று இருக்க வேண்டும். கோச் எண்ணும் டிக்கெட்டும் ஒத்துப்போக வேண்டும். இடம் காலியாக இருக்கிறதென்று அடுத்த கோச்சில் போய்த் தூங்கிவிட்டால், விழிக்கும்போது யாலா, நராத்திவாத் பக்கம் போய்க்கொண்டிருப்பீர்கள். பல ஆண்டுகளாகக் கலவரம் ஓயாத மாகாணங்கள் அவை. பல நாடுகள் தங்கள் குடிமக்களை அங்கே போக வேண்டாம் என்று எச்சரிக்கின்றன.

உள்ளே எப்படி இருக்கும்? நம் ரயிலில் சைடு லோயர், சைடு அப்பர் பார்த்திருப்பீர்களே, அதையே நடைபாதையின் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவாட்டில் மூன்றடுக்கு பெர்த் எதுவும் கிடையாது. பகலில் எதிரெதிரே இரண்டு அகலமான சீட், லோயர்காரருக்கு ஒன்று, அப்பர்காரருக்கு ஒன்று. பெட்டியை வைக்க சீட்டின் ஓரமாகக் கம்பி ரேக் இருக்கும். நடுத்தர அளவுப் பெட்டி நிற்கும்; மிகப் பெரிய பெட்டி என்றால் இடிக்கும். தண்டவாளம் மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜில் போன தலைமுறைக்கு இந்தப் பெட்டியின் ஒடுக்கமும் ஆட்டமும் பழகியதாகவே இருக்கும்.

வண்டி ராமா 6 பாலத்தில் சாவ் பிரயா ஆற்றைக் கடந்து மேற்கே திரும்புகிறது. அந்தப் பாலம் 1927-இல் வந்தது. அதற்கு முன் தெற்கு வழித்தட ரயில்கள் ஆற்றின் அக்கரையிலிருந்தே கிளம்பின. ஒரு மணி நேரம் கழித்து நாக்கோன் பதோம். 120 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஆரஞ்சு நிறப் புத்த ஸ்தூபி வெளிச்சத்திலேயே தெரியும்.

அதைத் தாண்டினால் நோங் ப்ளாதுக் சந்திப்பு, அடுத்து பான் போங். வண்டி இங்கே நின்றாலும் நிற்காவிட்டாலும் தமிழர்கள் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய இடம். வலது பக்கம் பிரிந்து காஞ்சனபுரிக்குப் போகும் கிளைதான் சயாம் மரண ரயில்பாதையின் தொடக்கம். இங்கிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் ஜப்பானியர் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைச் சரக்கு வேகன்களில் அடைத்து, பாடாங் பெசார் வழியாக, இதே தெற்குப் பாதையில்தான் பான் போங்குக்குக் கொண்டுவந்தார்கள். நாம் இன்றிரவு படுத்துக்கொண்டு போகும் அதே தடம், எதிர்த்திசை. அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு. காஞ்சனபுரியில் மேற்கத்தியப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இருட்டத் தொடங்கியதும் அட்டெண்டன்ட் வருவார். அவர் வேலை செய்வதை ஒருமுறையாவது எழுந்து நின்று பாருங்கள். முதலில் எதிரெதிர் சீட்டுகளின் அடிப்பலகையை நடுவே இழுப்பார், இரண்டும் முட்டி நின்றதும் முதுகுப் பலகை சரிந்து இடைவெளியை அடைத்துவிடும். அது லோயர். பிறகு பாக்கெட்டிலிருந்து சதுர முனைச் சாவியை எடுத்துச் சுவரின் மேல்பாதியில் ஒரு திருகு. அப்பர் பெர்த் கீல் வைத்த அலமாரிக் கதவு போல இறங்கும். இரண்டு பேருக்குமான மெத்தை அதற்குள்ளேதான் மடங்கிக் கிடக்கும். ஒன்றைக் கீழே தட்டி, வெள்ளை விரிப்பை நான்கு மூலையிலும் செருகி, தலையணைக்கு உறை மாட்டி, பிளாஸ்டிக் கவரில் ஒட்டிய கம்பளியை அதன்மேல் வைப்பார். கடைசியில் திரைச்சீலையைக் கொக்கிகளில் மாட்டி ஒரு இழு. சில நிமிடங்களில் அடுத்த ஜோடி சீட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் உதவப் போனால் வேலை தாமதமாகும், நடைபாதையில் ஒதுங்கி நின்றால் போதும்.

ஒரே ஒரு சங்கடம். எதிரில் இருக்கும் அப்பர்காரர் ஏழு மணிக்கே படுக்க ஆசைப்பட்டால் உங்கள் சீட்டும் போய்விடும், ஏனென்றால் இரண்டு சீட்டும் சேர்ந்துதான் லோயர். அதனால் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

குளிர் அதிகம். ஏசியை யாரும் குறைக்க மாட்டார்கள், கம்பளியோ மெல்லியது. முழுக்கைச் சட்டை, சாக்ஸ், வெளிச்சத்துக்குக் கண்மறைப்பு ஆகியவை கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். படுக்கை போட்டபின் பெரிய பெட்டியைத் திறக்க இடமே இருக்காது. ஒவ்வொரு பெர்த்துக்கும் சார்ஜ் செய்ய பிளக் இருக்கும் என்று எண்ண வேண்டாம், பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பூட்டு கிடையாது. பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் தலையணை உறைக்குள். கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் கோச்சின் முனையில். பல் தேய்க்கும் வேலையை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் வரிசை இருக்காது.

ஹுவா ஹின், சும்போன், சூரத் தானி எல்லாம் தூக்கத்தில் கழிந்துவிடும். சூரத் தானிக்கு அந்தப் பெயரை 1915-இல் வைத்தவர் ஆறாம் ராமா மன்னர், நம் குஜராத்தின் சூரத்தை நினைத்து. அந்த ஊர் ஆற்றுக்கும் தாப்தியை நினைத்து தாபி என்று பெயர் சூட்டினார். சமுய் தீவுக்குப் போகிறவர்கள் நடுராத்திரியில் இங்கே இறங்கும்போது கொஞ்சம் சத்தம் கேட்கும், அவ்வளவே.

இரண்டாம் நாள், எல்லை

ஹட்யாய் வந்ததும் எழுந்துவிடுங்கள். வண்டி இங்கே வெகுநேரம் நிற்கும். முன்னும் பின்னும் இழுத்து, இன்ஜின் மாற்றி, பாடாங் பெசார் கோச்சுகளைத் தனியே பிரிப்பார்கள். பிளாட்ஃபார்மில் இறங்கலாம், ஆனால் உங்கள் கோச் கண்ணை விட்டு மறையாத தூரத்திலேயே நில்லுங்கள்; ஷண்டிங்கின்போது கோச் நகர்ந்து போவதைப் பார்த்துப் பதறி ஓடுகிறவர்கள் தினமும் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே கிடைக்கும் கோழி வறுவலை விடக் கூடாது. மேலே பொரித்த சின்ன வெங்காயம் தூவி, ஒட்டும் அரிசிச் சோற்றோடு தருவார்கள். கையில் மிஞ்சிய பாட்டைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லை. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும்.

பாடாங் பெசார் ஸ்டேஷன் இருப்பது மலேசிய மண்ணில். தாய்லாந்து, மலேசியா இரண்டின் இமிகிரேஷனும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. எல்லோரும் எல்லா மூட்டையோடும் இறங்க வேண்டும், எதையும் சீட்டில் விட்டுப்போகக் கூடாது. முதலில் தாய்லாந்துக் கவுன்ட்டரில் வெளியேறும் முத்திரை. தங்கும் நாள் தாண்டியிருந்தால் நாளுக்கு 500 பாட் அபராதம் இங்கே பிடிபடும். அடுத்த கவுன்ட்டர் மலேசியா: கைரேகை, முத்திரை, பிறகு சுங்கச் சோதனை. இரண்டே கோச் என்பதால் வரிசை சீக்கிரம் நகரும், கடைசியில் நின்றாலும் ஒரு மணி நேரம் ஆவது அபூர்வம். முத்திரை இரண்டும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபின் பாங்காக் கடைகளில் மிட்டாய், பிஸ்கட், எண்ணெய் என்று விதவிதமாக விற்பனைக்கு வந்தது. மலேசியாவில் அது கடும் குற்றம், கடத்தலுக்கு மரண தண்டனை வரை போகும். யாரோ கொடுத்த மிட்டாய் பாக்கெட் பையின் அடியில் கிடந்தால்கூட வம்புதான். கிளம்பும் முன் பையைக் கொட்டிப் பார்ப்பது நல்லது. முன்பின் தெரியாதவரின் பையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள்.

அடுத்தது கடிகாரம். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். தாய்லாந்து நேரம் காலை எட்டு என்றால் ஸ்டேஷன் மாடியில் ஒன்பது. எல்லையில் போன் எந்த நாட்டு டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், சில நிமிடங்களில் மறுபடி மாறவும் செய்யும். அதை நம்பாமல் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பாருங்கள். கோலாலம்பூர் போகிறவர்கள் ஈடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போது இந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 45-ஆம் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாவது சாதாரணம். மூன்று மணி நேர இடைவெளி விட்டு எடுத்தால் மூச்சு விடலாம். தவறவிட்ட ரயிலுக்குப் பணம் திரும்பாது, அடுத்ததில் இடமிருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பினாங்குக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் ஏற வேண்டிய கொமுட்டர் என்ற உள்ளூர் மின்சார ரயிலில் முன்பதிவு வேண்டாம். முத்திரை வாங்கியதும் மாடிக்குப் போய் கவுன்ட்டரில் பட்டர்வொர்த்துக்கு டிக்கெட் கேளுங்கள், பத்துப் பன்னிரண்டு ரிங்கிட்தான். ஒரு கொமுட்டரைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரலாம், ஆகவே காப்பி குடிப்பதற்கு முன் டிக்கெட். ஐம்பது ரிங்கிட்டாவது பாங்காக்கிலேயே மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லை ஸ்டேஷனில் ஏடிஎம்மைத் தேடி அலையும் வேலை மிச்சம்.

இங்கே ஒரு வேடிக்கை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மீட்டர் கேஜ்தான். 1918 ஜூலையில் சயாமையும் மலாயாவையும் இணைத்த அதே பாதை. ஆனால் மலேசியா இரட்டைப் பாதை போட்டு, 25 கிலோவோல்ட் மின்கம்பி இழுத்து, அதன்மேல் ஈடிஎஸ்ஸை மணிக்கு 140 கிலோமீட்டரில் ஓட்டுகிறது. ராத்திரி முழுக்க டீசல் இன்ஜின் இழுத்த ஆட்டத்துக்குப் பின் கொமுட்டர் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், வேகத்துக்கு கேஜை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று தெரியும்.

அலோர் ஸ்டார் வரை வயல், பிறகு ஊர்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பட்டர்வொர்த். ஸ்டேஷனிலிருந்து மூடிய நடைபாலம் வழியாகவே படகுத்துறைக்குப் போகலாம், டாக்சி தேவையில்லை. ஃபெரி கட்டணம் இரண்டு ரிங்கிட், கார்டில்தான் செலுத்த வேண்டும். பயணம் கால் மணி நேரம். ஜார்ஜ் டவுன் துறையில் இறங்கி நடந்தால் சிறிது தூரத்திலேயே லிட்டில் இந்தியா, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், தமிழில் எழுதிய கடைப் பலகைகள். பக்கத்துத் தெருக்களில் நாசி கண்டார். 'கண்டார்' என்பது தோளில் போடும் காவடித்தண்டு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கி விற்ற காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள், பினாங்கு

திரும்பி இதே வழியில் போகிறவர்களுக்குச் சில வரிகள்.

பாடாங் பெசாரிலிருந்து பாங்காக் போகும் வண்டி எண் 46. தாய்லாந்து நேரம் மாலை ஐந்து, மலேசிய நேரம் ஆறு. டிக்கெட்டில் தாய்லாந்து நேரமே அச்சாகியிருக்கும். ஐந்து மணி என்று நினைத்து ஓடினால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பீர்கள், நஷ்டமில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பிற்பகல் ஒரு மணியை ஒட்டிய கொமுட்டரைப் பிடித்தால் இமிகிரேஷனுக்கும் சாப்பாட்டுக்கும் தாராளம். கடைசிக் கொமுட்டரை நம்பாதீர்கள். 46 போய்விட்டால் அந்த ஊரில் அடுத்த படுக்கை வண்டி மறுநாள்தான். டாக்சியில் ஹட்யாய் போய் இரவுப் பேருந்தில் நெளிய வேண்டியிருக்கும்.

தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே முதல் அந்நாட்டுக்கும் தனி டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. அதையும் மூன்று நாளுக்குள், இலவசமாக, அரசின் தளத்தில் நிரப்ப வேண்டும். வரும் வழி என்ற கட்டத்தில் விமான எண் கேட்பது போலத் தோன்றும், தரைவழி என்பதைத் தேர்ந்தெடுத்து ரயில் என்று குறித்தால் வழிவிடும். விசா இல்லாமல் தரை எல்லையில் நுழைகிறவர்களுக்கு ஓர் ஆண்டில் இத்தனை முறை என்ற வரம்பு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே அப்படி முத்திரைகள் இருந்தால் கிளம்பும் முன் எண்ணிப் பாருங்கள்.

46-இல் லோயர் கிடைத்தால் ஜன்னல் திரையை மூடாமல் தூங்குங்கள். காலையில் ஹுவா ஹினைத் தாண்டியபின் பெட்சபுரி, ராட்சபுரி வயல்வெளிகள், பிறகு இடது பக்கம் அந்தக் காஞ்சனபுரிக் கிளை வந்து சேரும். போகும்போது இருட்டில் விட்டுப்போனதையெல்லாம் திரும்பும்போது வெளிச்சத்தில் பார்க்கலாம். பாங்காக்கில் பத்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேரும். அன்றைய விமானம் என்றால் மாலை ஐந்துக்குப் பிறகு எடுங்கள்.